நான் நோ சொன்ன கதை

ஆஸ்பத்திரியால் வந்து, தையல் ஆறி, இப்போதுதான் கதிரையில் நிமிர்ந்து இருந்து எழுத முடிகிறது. பார்க்க வருகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “என்ன மலர் ரீச்சர், டொக்டரிட்டை நோ இல்லையெண்டு சொன்னீங்களாமே?” தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் உளைகிறது. நடுவில் அவர்கள் சிரிக்க, நானும் சிரிக்க, தையல் போட்ட இடம் இழுக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன். இனி வருகிறவர்கள் இதை வாசித்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போகலாம்.

முதலில் என் குணத்தைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. நான் எதற்கெடுத்தாலும் குறை சொல்கிற முறைப்பாட்டுக்காரி. யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்திலேயே அப்படித்தான். கொழும்புக்கு வந்தபிறகு இன்னும் கூடிவிட்டது. வெள்ளவத்தைக் குழாய்த் தண்ணீரில் மருந்து மணம். மீனில் ஐஸ் மணம். நாங்கள் வாடகைக்கு இருக்கிற மேல்மாடி அறையில் காற்று வருகிற யன்னலைத் திறந்தால் றெயில் சத்தமும் சேர்ந்து வரும். இதையெல்லாம் காலையில் எழும்பியதும் ஒருமுறை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒருமுறை என் மனுசன் இவருக்குச் சொல்லவேண்டும். இவர் புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் கணக்குப் பார்க்கிறவர். நல்ல பொறுமைசாலி. நான் சொல்லச் சொல்ல “ம்” போட்டுக்கொண்டே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார்.

ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். இது பெரிய விஷயங்களுக்கு வாய் திறக்க முடியாத காலம். ஆமிக்காரர் செக்பொயின்ரில் மணிக்கணக்காய் நிற்கவைத்தாலும் முறைப்பாடு சொல்ல ஏலாது. வடக்கில் இருந்து வந்தவர்களுக்கான பொலிஸ் பதிவுக்கு வரிசையில் நின்று கால் கடுத்தாலும் சொல்ல ஏலாது. ஊரில் குண்டு விழுகிறது என்று ரேடியோ சொல்கிறபோது யாரிடம் போய் முறையிடுவது? அதனால் நான் அரிசியில் கல் கிடக்கிறது என்று முறையிட்டேன். அது எனக்கு ஒரு ஆறுதலாக இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

அப்போது தெரியவில்லை. ஜிந்துப்பிட்டிக் கோயிலுக்குப் போய் வருகிற வழியில், நடைபாதைக் கடையில் ஒரு புத்தகம் வாங்கினேன். மனத் திருப்தியோடு வாழ்வதற்கு வழி சொல்கிற வகைப் புத்தகம். அதில் மூன்று வழிகள் என் மனதில் ஒட்டிக்கொண்டன. ஒரு மாதத்துக்கு எதைப்பற்றியும் குறை சொல்லக்கூடாது. எந்த நிலையிலும் முகத்தில் சிரிப்பு இருக்கவேண்டும். தெரியாத ஒரு பாஷையைத் துணிந்து பேசவேண்டும். மூன்றையும் ஒன்றாகத் தொடங்கினேன். பாஷைக்கு ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டேன். சின்ன வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறவள் நான். வாசித்தால் விளங்கும், வாயால்தான் வராது.

முதல் கிழமை இவர் சந்தோசப்பட்டார். அடுத்த கிழமை பயப்படத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைச் சமையல் இவருடையது. அன்றைக்கு நான் பேசாமல் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் பக்கத்தில் வந்து நின்றார்.

“இஞ்சேரும், நான் ஏதும் பிழை விட்டனானோ?”

“இல்லையே. ஏன் கேக்கிறியள்?”

“கறிக்கு உப்புப் போட மறந்திட்டன். நீர் ஒண்டும் சொல்லேல்லை.”

“உப்புக் குறைஞ்சால் உடம்புக்கு நல்லதுதானே,” என்று சொல்லிச் சிரித்தேன். இவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

உண்மையிலேயே காய்ச்சல் வந்தது அதற்குக் கொஞ்ச நாளைக்குப் பிறகுதான். முதலில் தொப்புளைச் சுற்றி ஒரு நோ. இந்த இடத்தில், இந்தியாவில் இருந்து யாராவது இதை வாசித்தால் அவர்களுக்காக ஒரு விளக்கம். நீங்கள் வலி என்பதை நாங்கள் நோ என்போம். தலை நோ, பல் நோ, வயிற்று நோ. வலி என்று சொன்னால் எங்கள் ஆட்கள் வலிப்பு வந்துவிட்டதோ என்று இரும்புத் துண்டைத் தேடி ஓடுவார்கள். அதனால் எனக்கு வந்தது நோ. வாய்வாக்கும் என்று, நீங்கள் பூண்டு என்கிற உள்ளியைச் சுட்டுத் தின்றேன். சுக்கு என்கிற வேர்க்கொம்பு போட்டுக் கோப்பி குடித்தேன். நோ மெல்ல இறங்கி, வலப்பக்கம் அடிவயிற்றில் வந்து குந்திக்கொண்டது. படியில் இறங்கினால் ஒவ்வொரு படிக்கும் உள்ளே ஒரு குத்து.

கீழ்வீட்டில் இருப்பவர் ஃபரீதா. வீட்டுக்காரி. அவருடைய புருஷனுக்குப் புறக்கோட்டையில் துணிக்கடை. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

“என்ன ரீச்சர், மொகமெல்லாம் வெளிறிக் கெடக்கு?”

“ஒண்டுமில்லை ஃபரீதா, கொஞ்சம் நோ.”

“நோவ வச்சிக்கிட்டா சிரிக்கிறீங்க? எனக்குப் பயமாயிருக்கு ரீச்சர். நீங்க ஏசிக்கிட்டே இறங்குனா எனக்கு ஒண்டும் தோணாது.”

அன்று பின்னேரம் இவர் வேலையால் வந்தபோது நான் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்துவிட்டுக் கட்டிலில் சுருண்டு கிடந்தேன். காய்ச்சல் கொதித்தது. அந்த நேரத்திலும் “ஒண்டுமில்லையப்பா” என்று சிரித்திருக்கிறேன். இவர் உடனே தெருவுக்கு ஓடினார். ஓட்டோ பிடித்தார். அடையாள அட்டைகளையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஃபரீதா ஓடி வந்து ஒரு சால்வையை என் தோளில் போட்டுவிட்டார்.

கால்வாய்ப் பாலத்துக்குக் கிட்ட செக்பொயின்ரில் மறித்தார்கள். இளம் சிப்பாய் குனிந்து உள்ளே பார்த்தான். “நோனாட்ட அசனீபத?” என்று கேட்டான். அம்மாவுக்குச் சுகமில்லையா என்பது அதன் அர்த்தம். சிங்களத்தில் நோனா என்றால் மரியாதைப்பட்ட பெண்மணி. நான் அவனைப் பார்த்தும் சிரித்தேன். அட்டையைப் பார்க்காமலே “யன்ன, யன்ன” என்று கையைக் காட்டினான். ஓட்டோ நகர்ந்ததும் இவர் என் பக்கம் திரும்பினார். “ஆமிக்காரனுக்கும் சிரிப்போ? உமக்கு என்ன நடந்தது?” என் தோளில் இருந்த சால்வையை இழுத்து மூடினார். மகன் ஜேர்மனியில். சொந்தக்காரர் எல்லோரும் ஊரில், சண்டையால் பாதை பூட்டின பக்கத்தில். கொழும்பில் எனக்கு இவரும் இவருக்கு நானும்தான்.

போன இடம் ஒரு சின்ன நர்சிங் ஹோம். பெயர் வேண்டாம். அங்கே எல்லோரும் நல்ல மனிதர்கள். வாசலில் இருந்தவர்கள் இவரைப் பதிவுத் துண்டோடு மறித்துக்கொண்டார்கள். வெளியூர் விலாசம், எப்போது வந்தீர்கள், ஏன் வந்தீர்கள் என்று கேள்வி. என்னைச் சக்கர நாற்காலியில் இருத்தி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கேதான் பிழை நடந்தது. இவர் பக்கத்தில் இருந்திருந்தால் நடந்திராது.

டொக்டர் இளம் சிங்களப் பிள்ளை. அமைதியான முகம். “இங்கிலிஷ்?” என்று கேட்டார். எனக்குப் புத்தகத்தின் மூன்றாவது வழி நினைவுக்கு வந்தது. “யெஸ் டொக்டர்,” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

வயிற்றில் கையை வைத்து மெல்ல அழுத்தினார். “பெயின்?”

“நோ,” என்றேன்.

இன்னொரு இடத்தில் அழுத்தினார். “ஹியர்?”

“நோ, டொக்டர். நோ.”

வலப்பக்கம் அழுத்தினார். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. “நோ, நோ, நோ!” என்றேன். சிரிப்பை மட்டும் விடவில்லை. வாய் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது, வயிறு யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டது. காய்ச்சலில் எனக்கு அது தெரியவில்லை. என்ன நல்ல பிள்ளை, நான் சொல்வதெல்லாம் விளங்கித் தலையாட்டுகிறது என்று நினைத்தேன்.

இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடியிருக்கிறதாம். உடம்புக்குள் எங்கேயோ கிருமி புகுந்திருக்கிறது, அதோடு சண்டை பிடிக்க ஆட்கள் திரண்டிருக்கிறார்கள் என்பதுதான் அதன் விளக்கம். எங்கே சண்டை என்பதை அந்தச் சோதனை சொல்லாது. சிறுநீரிலும் கொஞ்சம் கிருமி இருந்ததால், சண்டை அங்கேதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வயிற்றுக்குள் படம் பிடிக்கிற ஸ்கான் மெஷின் அங்கே இருந்தது. அதை இயக்குகிறவர் அன்றைக்கு வரவில்லை. அப்பெண்டிக்ஸ் என்கிற குடல்வால், பெருங்குடலின் தொடக்கத்தில் விரலளவுக்குத் தொங்குகிற சின்னக் குழாய். அது அழன்று வீங்கினால் வெட்டி எடுக்கவேண்டும். விட்டால் வெடித்து, சீழ் வயிறெல்லாம் பரவும், ஆளே தப்புவது கஷ்டம். ஸ்கான் இல்லாத இடத்தில் அதைக் கண்டுபிடிக்க டொக்டரின் கையும் நோயாளியின் வாயும்தான் துணை. என் வாய் என்ன செய்துகொண்டிருந்தது என்று மேலே சொல்லிவிட்டேன்.

என்னைப் படுக்கவைத்த வாட்டில் நேர்ஸ் பிள்ளை வந்து வந்து கேட்டது. “ரிதெனவாத நோனா?” நோகிறதா என்பதற்கு அதுதான் சிங்களம் என்று பிறகுதான் படித்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்த சிங்களம் சந்தைச் சிங்களம். என்ன விலை, வேண்டாம், கொஞ்சம் குறைத்துத் தா. மீன்காரனோடு வயிற்று நோவைப் பற்றிக் கதைக்க வேண்டி வரவில்லை. சுகமா என்று கேட்கிறதாக்கும் என்று நினைத்து, தலையை இரண்டு பக்கமும் ஆட்டிச் சிரித்தேன். அதுவும் சிரித்துவிட்டுப் போய்விட்டது. அங்கே என்னைப்போல் நல்ல நோயாளி இல்லை என்று பெயர் எடுத்துவிட்டேன்.

பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. இவ்வளவு நோவென்று சொல்கிறேன், யாருமே ஒன்றும் செய்கிறார்கள் இல்லை. ஒருவேளை தமிழ் ஆள் என்று விட்டுவிட்டார்களோ என்று ஒரு நினைப்பு வந்தது. இந்தக் காலத்தில் அப்படி நினைக்காத ஆள் யார்? அந்தப் பிள்ளைகளைப் பற்றி அப்படி நினைத்ததற்காக இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அது வெட்கமாக இல்லை, குளிராக இருந்தது. ஃபரீதாவின் சால்வையை இழுத்து மூடிக்கொண்டேன். முறைப்பாடு சொல்லக்கூடாது என்று எடுத்த விரதத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றினேன்.

இரவில் ஆண்களை வாட்டுக்குள் விடுவதில்லை என்று இவரை அனுப்பிவிட்டார்கள். அடுத்தநாள் பகல் டொக்டர் வந்தபோதுதான் இவரும் பக்கத்தில் நின்றார். டொக்டர் இவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். சிறுநீரில் கிருமி, மருந்து எழுதித் தருகிறேன், இனி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். “நோ பெயின் அட் ஆல்,” என்று சந்தோசமாகச் சேர்த்துக்கொண்டார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் முழங்காலை வயிற்றோடு மடக்கி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். சிரிப்பு முகத்தில்தான் இருந்தது.

“இஞ்சேரும், நோ இல்லையோ?”

“நோதான். உயிர் போகுது.”

“அப்ப ஏன் டொக்டருக்குச் சொல்லேல்லை?”

“சொன்னனானே. வந்த நேரந்தொட்டு நோ, நோ எண்டுதானே சொல்லிக்கொண்டிருக்கிறன்.”

எங்கள் பேச்சில் டொக்டருக்கு ஒரேயொரு சொல்தான் விளங்கியிருக்கிறது. தலையை ஆட்டினார். “யெஸ், யெஸ். ஷீ செய்ஸ் நோ.”

இவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு, இத்தனை வருசத்தில் என்னிடம்கூட உயர்த்தாத குரலை உயர்த்தினார்.

“டொக்டர், நோ இஸ் நொட் நோ! நோ இஸ் பெயின்! இன் டமில், நோ மீன்ஸ் யெஸ்!”

வாட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நேர்ஸ் பிள்ளை கையால் வாயைப் பொத்திக்கொண்டது. டொக்டர் சிரிக்கவில்லை. முகம் மாறி, கட்டிலுக்குக் கிட்ட வந்தார். என் முகத்தைப் பார்த்து, “மேடம், டோன்ட் ஸ்மைல்,” என்றார். வலப்பக்கம் மெல்ல அழுத்தி, சடாரென்று கையை எடுத்தார். அழுத்துவதைவிட எடுக்கும்போது கூட நொந்தால் அது குடல்வால் என்பதற்கு அடையாளமாம்.

“ஐயோ என்ரை அம்மா!” என்று கத்தினேன். அதோடு நின்றேனா? சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வந்துவிட்டது. இந்தக் கை என்ன ஐஸ் கட்டியோ, இந்தக் கட்டில் ஏன் பள்ளம், இந்த ஃபான் ஏன் சில்வண்டு மாதிரிக் கத்துது, தேத்தண்ணியோ அது கழனித்தண்ணியோ, உப்பில்லாத கறியைச் சமைச்சுப் போட்ட மனுசன் ஏன் பாத்துக்கொண்டு நிக்குது. எல்லாம் தமிழில். டொக்டருக்கு ஒன்றும் விளங்கியிராது. ஆனால் எல்லாம் விளங்கினவர்போல் திரும்பி நேர்ஸிடம் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். சேர்ஜனைக் கூப்பிடு என்கிறார் என்று இவர் எனக்குச் சொன்னார். சொல்லும்போது என் கையைப் பிடித்தவர், ஒப்பரேஷன் அறைக் கதவு வரைக்கும் விடவில்லை. “வந்து மிச்சத்தையும் ஏசும்,” என்றார். “எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு நிப்பன். வாருமப்பா.” கதவுக்குள் என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது இவர் சுவரோடு சாய்வதைப் பார்த்தேன். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. செத்துப்போவேன் என்பதற்காக இல்லை. இந்த மனுசன் தனியாக அந்த மேல்மாடிக்குப் படியேறிப் போவதை நினைத்து.

மயக்க ஊசி போட்டதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது வாய் காய்ந்து, தொண்டை எரிந்தது. நேரே மேலே ஒரு லைற்.

“ஆர் இந்த லைற்றை முகத்துக்கு நேர பிடிச்சது?” என்றேனாம்.

எனக்கு நினைவில்லை. நேர்ஸ் பிள்ளைதான் பிறகு கையைக் காட்டிக் காட்டிச் சொன்னது. பக்கத்தில் இருந்த இவர் கட்டில் கம்பியில் தலையை வைத்து விக்கி விக்கி அழுதாராம். என்னவோ கெட்டது நடந்துவிட்டது என்று பயந்து அது ஓடி வந்ததாம். இவர் தலையை நிமிர்த்தி, “நோனா கொம்ப்ளெயினிங். நோனா குட்,” என்றாராம்.

கொஞ்சம் பிந்தியிருந்தால் வெடித்திருக்கும் என்று சேர்ஜன் சொல்லிவிட்டுப் போனார். இளம் டொக்டர் ஒவ்வொருமுறை வரும்போதும் என் கட்டிலுக்குக் கிட்ட வந்து, தமிழில், கவனமாக, “நோ?” என்று கேட்பார். முதல்நாள் பழக்கத்தில் “நோ, நோ,” என்றேன். பாவம், கையைப் பிசைந்துகொண்டு இவரைத் தேடினார். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். நோ என்றால் நோ. “நோ இல்லை” என்றால்தான் நோ.

குடலில் கை வைத்தால் அது கோபித்துக்கொண்டு கொஞ்ச நாள் வேலை செய்யாது. வேலை தொடங்கிவிட்டதற்கு அடையாளம் காற்றுப் போவது. காற்றுப் போகும்வரை பச்சைத் தண்ணீரும் கிடையாது. இந்த விஷயத்தில் மரியாதை பார்க்க முடியாது. நேர்ஸ் கேட்கும், டொக்டர் கேட்பார், கூட்டுகிற அம்மாவும் கேட்பார். இவர் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் குனிந்து காதுக்குள் கேட்பார், “போச்சோ?” சின்ன வயதில் இருந்து மறைத்துப் பழகிய ஒன்றுக்காக ஒரு வாட்டே காத்திருந்தது. அது கடைசியாக, நல்ல சத்தத்தோடு போனபோது, பக்கத்துக் கட்டில் மனிசி கை தட்டினார். அவ்வளவு நிம்மதியை நான் ஒரு புத்தகத்திலும் வாசித்ததில்லை. அன்று பின்னேரம் ஃபரீதா தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தார். தேங்காய்ப்பால் விட்டு, உள்ளி போட்ட கஞ்சி. முதல் கரண்டி தொண்டையால் இறங்கியபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

“எப்பிடி ரீச்சர்?”

“கொஞ்சம் உப்புக் காணாது.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் ஃபரீதா.

பில்லை இவர் எனக்குக் காட்டவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “நீர் வாசிச்சால் தையல் பிரிஞ்சுபோம்,” என்றார். மகன் ஜேர்மனியில் இருந்து கீழ்வீட்டுக்கு டெலிபோன் கோல் எடுத்து அழுதான். ஊருக்குச் சொல்ல வழியில்லை. கடிதம் போட்டிருக்கிறோம், போய்ச் சேருகிற நேரம் சேரட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சின்னச் சின்ன விஷயங்கள் எவ்வளவு நல்லது என்று தெரிகிறது. றெயில் சத்தத்தோடு வருகிற கடல் காற்று. என் தலையணையின் பள்ளம். குளித்துவிட்டு உடுத்துகிற பழைய பருத்திச் சீத்தைச் சட்டை. அந்தப் புத்தகத்தை நான் எறியவில்லை. சிரிக்கச் சொன்னதும் பாஷை படிக்கச் சொன்னதும் நல்ல விஷயங்கள்தான். நேர்ஸ் பிள்ளையிடம் கேட்டுக் கேட்டுச் சிங்களத்தில் உடம்பு உறுப்புகள் எல்லாம் படித்துவிட்டேன். முறைப்பாடு சொல்லக்கூடாது என்கிற பக்கத்தை மட்டும் இவர் எனக்குத் தெரியாமல் கிழித்துவிட்டார்.

இன்றைக்குக் காலையில் கரண்ட் இல்லை. யன்னலோரம் என்னை இருத்திவிட்டு, இவர் மண்ணெண்ணெய் அடுப்பில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். வேலைக்குப் போக வெளிக்கிட்ட உடுப்போடு, பக்கத்தில் நின்றார். நான் குடித்தேன். நல்ல நிறம், நல்ல சூடு, இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். இன்னொரு வாய் குடித்தேன். சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. உண்மையாகவே ஒன்றும் இருக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

இவர் போகவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, என் முகத்தையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒப்பரேஷன் அறைக் கதவடியில் பார்த்த அதே முகம்.

“என்ன, ஒண்டும் சொல்லேல்லை?” என்றார். “நோ ஏதும் இருக்கோ?”

“சீனி கூடிப்போச்சு,” என்றேன்.

பெரிய மூச்சொன்று விட்டார். தோள் இறங்கியது. “நாளைக்குக் குறைச்சுப் போடுறன்,” என்று சொல்லிக்கொண்டு, படியில் பாட்டு முணுமுணுத்தபடி இறங்கிப் போனார்.

சீனி அளவாகத்தான் இருந்தது.